ஐந்தாவது ஆள்

எங்கள் தெருமுனை டீக்கடையில் "மாஸ்டர்" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் பாய்லருக்குப் பின்னால் நிற்கும் டீ மாஸ்டர். இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பி.டி. மாஸ்டர். ஊருக்கு நடுவே உள்ள ஒரு கல்லூரியில் வேலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

போன வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த வருஷம் கிராஸ் கன்ட்ரி டீம் போடச் சொல்லிட்டாங்க. இருந்த கிரவுண்டுல பாதி பார்க்கிங் ஆயிடுச்சு. நாலு பக்கமும் ரோடு. மேடு கிடையாது, தோப்பு கிடையாது. பிள்ளைங்களை எங்க ஓட விடறது, பஸ் ஸ்டாண்டுலயா?"

நியாயமான கேள்விதான். கிராஸ் கன்ட்ரி என்றால் டிராக்கில் வட்டம் அடிப்பது அல்ல. புல், சேறு, மேடு, பள்ளம் என்று திறந்தவெளியில் ஓடுவது. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6 கிலோமீட்டர். இடம் நிறைய வைத்திருக்கும் கல்லூரிக்குத்தான் இது சரிப்பட்டு வரும் என்று தோன்றும். ஆனால் வாஷிங்டன் நகருக்குள் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 2011-இல் பெண்கள் பிரிவில் தேசியப் பட்டம் வாங்கியது. ரோட் ஐலண்டு மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸில், அதே பெயரில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி உண்டு. அது அந்தப் பட்டத்தை இரண்டு முறை வாங்கியிருக்கிறது, 1995-இலும் 2013-இலும்.

"எப்படி?" என்றார் அண்ணன்.

"இன்னொரு டீ சொல்லுங்க, பொறுமையா சொல்றேன்" என்றேன்.

முதலில் கணக்கு. கிராஸ் கன்ட்ரியில் யார் முதலில் வந்தார் என்பதை வைத்து அணி ஜெயிப்பதில்லை. ஓர் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அவர்களில் முன்னால் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவர்களுக்குப் பட்டம். ஐந்து பேரும் முதல் ஐந்து இடத்தைப் பிடித்தால் 15. அதற்குக் கீழே போக வழியில்லை. 1981 தேசியப் போட்டியில் எல் பாசோ நகரின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆண்கள் 17 எடுத்தார்கள். பதினைந்துக்கு இரண்டே புள்ளி கூட.

அண்ணன் தலையாட்டினார், ஆனால் முழுதாகப் பிடிபடவில்லை என்று முகம் சொல்லியது. காலி கிளாஸ்களை எடுத்து பெஞ்சில் அடுக்கினேன். பெஞ்சின் இந்தக் கோடிதான் முடிவுக் கோடு. கோட்டை ஒட்டி நான்கு கிளாஸ். கிளாஸ் அணி 1, 2, 3, 4 என்று முதல் நான்கு இடத்தையும் அள்ளிவிட்டது. ஐந்தாவது கிளாஸை பெஞ்சின் அந்தக் கோடியில், தண்ணீர் டிரம் பக்கத்தில் வைத்தேன். அவன் வந்தது 56-ஆவது இடம்.

அடுத்து பட்டர் பிஸ்கட் அணி. ஒருவனும் முதல் எட்டுக்குள் இல்லை. 9, 11, 13, 15, 17 என்று ஐந்து பிஸ்கட்டையும் ஒரே கொத்தாக வைத்தேன். இடையில் உள்ள இடமெல்லாம் மற்றக் கல்லூரிக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கூட்டுங்க அண்ணே."

கிளாஸ் அணிக்கு 66. பிஸ்கட் அணிக்கு 65. பாய்லர் பக்கத்திலிருந்து டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, "அடப்பாவமே, முதல் நாலும் போச்சா?" என்றார்.

போகவில்லை, ஆனால் பட்டம் போய்விட்டது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிஸ்கட் அணியின் ஆறாவது, ஏழாவது ஆட்களுக்குத் தங்கள் அணியில் புள்ளி கிடையாது. ஆனாலும் அவர்கள் இருவரும் அந்த ஐந்தாவது கிளாஸுக்கு முன்னால் ஓடி முடித்ததால்தான் அவன் 56. அவர்கள் அவனுக்குப் பின்னால் வந்திருந்தால் அவனுக்கு 54-ஆவது இடம், கிளாஸ் அணிக்கு 64 புள்ளி, பட்டமும் அவர்களுக்கே. கணக்கில் வராத இரண்டு பேர் பட்டத்தைக் கைமாற்றிவிட்டார்கள்.

இது வெறும் பிஸ்கட் கதை அல்ல. 2004 தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவில் முதலில் வந்தவர் பிராவிடன்ஸ் கல்லூரியின் கிம் ஸ்மித், நியூசிலாந்துப் பெண். அணிப் பட்டம் கொலராடோவுக்குப் போனது. 2013-இல் முதலில் வந்தவர் டார்ட்மத் கல்லூரியின் அபி டி'அகோஸ்டினோ. பிராவிடன்ஸ் பெண்களில் முந்தி வந்தவர் எமிலி சிஸ்ஸன், முதல் பத்துக்குள். ஆனால் அணிக் கணக்கில் பிராவிடன்ஸ் 141, இரண்டாவது வந்த அரிசோனா 197. முதல் ஆளை வைத்திருந்த வருஷம் பட்டம் இல்லை, முதல் ஆள் இல்லாத வருஷம் பட்டம்.

"இந்தக் கணக்குதான் உங்களுக்குச் சாதகம்" என்றேன். நூற்றில் ஒருவனாகப் பிறந்து வரும் ஓட்டக்காரனைப் பெரிய பல்கலைக்கழகம் பணம் கொடுத்துக் கொண்டுபோய்விடும். ஐந்தாவது ஆள் அப்படிப் பிறந்து வருபவன் அல்ல. அவனை ஒரு கோச் உட்கார்ந்து உருவாக்க வேண்டும். அதற்கு நிலம் வேண்டாம், ஸ்டேடியம் வேண்டாம். வருஷங்கள்தான் வேண்டும்.

பணம் என்றதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கும் பணம்தான் தலைவலி. தேசிய விதிப்படி, முதல் பிரிவில் ஆடும் ஒரு கல்லூரி ஆண்கள் தடகளம் முழுவதற்கும் 12.6 முழு உதவித்தொகைதான் தரலாம் என்று ரொம்ப காலம் இருந்தது. பெண்களுக்கு 18. 2025-இல்தான் இந்த முறை மாறியது. அந்தப் பன்னிரண்டரைச் சொச்சத்துக்குள் கிராஸ் கன்ட்ரி, நூறு மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் அடக்கம். பெரிய கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு மட்டும் அதே காலத்தில் 85. அதனால் கோச்மார்கள் ஓர் உதவித்தொகையை அரை, கால் என்று பிரித்துக் கொடுப்பார்கள், கல்யாண வீட்டில் பாயசம் குறைந்துபோனால் பரிமாறுகிறவர் கரண்டியைச் சிறிதாக்குவதுபோல.

சின்ன நகரக் கல்லூரியின் சூட்சுமம் இங்கேதான். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று தெளிக்காமல், இருப்பதை எல்லாம் தூர ஓட்டக்காரர்கள் பக்கம் ஊற்றிவிடுவது. குண்டு எறிபவன் வேண்டாம், போல்வால்ட் மெத்தை வேண்டாம். தூர ஓட்டக்காரனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஆள் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கு டிராக், வசந்தத்தில் வெளி டிராக் என்று மூன்று பருவமும் ஓடுவான். ஓர் ஆளுக்குக் கொடுத்த பணம் மூன்று வேலை செய்கிறது. பிராவிடன்ஸ் அப்படித்தான் செய்தது. ஃபுட்பால் அணியை 1941-லேயே மூடிவிட்ட கல்லூரி அது.

"சரி, பணத்தை விடு. ஓடறதுக்கு இடம்?"

இடம் என்பதைக் கல்லூரிச் சுவருக்குள் தேடினால் கிடைக்காது. ஊருக்குள் தேட வேண்டும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் 116-ஆவது தெருவில் இருக்கிறது. வாசலிலேயே ஒன்றாம் நம்பர் ரயில். அதில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே வான் கார்ட்லண்ட் பூங்கா, 1,100 ஏக்கருக்கு மேல். நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே கிராஸ் கன்ட்ரி நடக்கிறது. முதலில் சமவெளி, அதற்கப்புறம் மாட்டுத்தடம் என்று பெயர் வைத்த பாதை, பின்னால் கால் கெஞ்சும் மேடுகள், கல்லறைக் குன்று என்று ஓர் ஏற்றம். கொலம்பியாவுக்குச் சொந்த மலை இல்லை. ரயில் டிக்கெட் செலவில் ஒரு மலை இருக்கிறது.

ஜார்ஜ்டவுன் மாணவர்களுக்குப் பழைய கால்வாய்க் கரை. ஒரு காலத்தில் படகைக் கோவேறு கழுதை இழுத்துப்போன மண்பாதை. கல்லூரியை ஒட்டியே தொடங்கி மேரிலாந்து மலைகள்வரை 297 கிலோமீட்டர் போகிறது. சிக்னல் இல்லை, ஹாரன் இல்லை. பாஸ்டன் நகருக்குள் ஃபிராங்க்ளின் பூங்கா. 1992-இல் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பே அங்கே நடந்தது. மேற்கே போர்ட்லண்ட் நகரில் 5,000 ஏக்கருக்கு மேல் ஒரு காட்டுப் பூங்கா. அந்த நகரின் சின்னப் பல்கலைக்கழகம் 2017-இல் ஆண்கள் பிரிவில் நாட்டிலேயே இரண்டாவதாக வந்தது. பிராவிடன்ஸிலும் பிளாக்ஸ்டோன் பூலவார்டு என்று ஒரு சாலை உண்டு. இரண்டு பக்கமும் கார் ஓட, நடுவில் மரங்களுக்கு அடியில் இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு மண்பாதை. முன்பு டிராம் ஓடிய தடம். ஊரில் ஓடுகிறவர்கள் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள்.

ஆகவே நகரத்துக் கோச் முதலில் கையில் எடுக்க வேண்டியது விசில் அல்ல, ஊர் வரைபடம். எங்கே மண் இருக்கிறது, எங்கே புல் இருக்கிறது, காலை ஐந்தரைக்கு எந்தக் கேட் திறந்திருக்கும், வேன் எத்தனை நிமிடத்தில் போகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மண்ணில் ஓடினால் போதும். மீதி நாளைக்குத் தார் ரோடு தாங்கும். சிமெண்ட் நடைபாதையைத்தான் முடிந்தவரை தவிர்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் கணுக்காலுக்கு மேலே கை தானாகப் போனது. நான் படித்த காலத்தில் எங்களுக்கு வாய்த்த ஆசிரியர் முதல் வாரத்திலேயே எல்லாரையும் ஒரே தூரம், ஒரே வேகம் என்று சிமெண்ட் ரோட்டில் விரட்டினார். மூன்றாவது வாரம் முன்னெலும்பு வலி. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவேன். அந்த வருஷம் போட்டி அன்று எங்கள் டீமில் ஓடத் தகுதியோடு நின்றது நான்கு பேர். ஐந்தாவது ஆள் இல்லாத டீமுக்குப் புள்ளியே கிடையாது, போர்டில் பெயரும் வராது.

"அப்ப எப்படித்தான் ஓட விடணும்?" என்றார் அண்ணன். இந்த இடத்தில்தான் கோச்சுக்கு மணிக்கூண்டுக் கடிகாரம் மாதிரி பொறுமை வேண்டும்.

தேசிய அளவில் ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் வாரத்துக்கு 130, 160 கிலோமீட்டர்வரை ஓடுவார்கள். பெண்கள் அதில் சற்றுக் குறைவாக. இதைக் கேட்டவுடனே பிள்ளைகளுக்கு அதே நம்பரைப் போட்டுவிடக் கூடாது. அது நாலாவது வருஷத்து நம்பர். பள்ளியில் வாரம் 60 ஓடியவன் முதல் வருஷம் 80, அடுத்த வருஷம் 95, அதற்கப்புறம் 110 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். மூச்சும் இதயமும் சில மாதத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு தயார் என்பதற்காக எலும்பை ஓட வைத்தால் விரிசல் விழும்.

வாரத்தில் இரண்டு நாள் கடினமான பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், ஒன்றரை மணி நேரம்போல. மற்ற நாளெல்லாம் பக்கத்தில் வருபவனோடு சினிமாக் கதை பேசிக்கொண்டே ஓடும் வேகம். பேச்சு நின்றுவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இளம் பிள்ளைகள் தவறுவது இங்கேதான். சும்மா ஓட வேண்டிய நாளில் ஒருவனை ஒருவன் முந்தப் பார்ப்பான். புதன்கிழமைப் பயிற்சியில் ஜெயித்தவன் சனிக்கிழமைப் போட்டியில் தோற்பான். அமெரிக்காவில் கல்லூரி மாணவரை வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் கட்டிப்போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. முதல் வருஷத்தில் ஓட விடாமல் பயிற்சி மட்டும் கொடுத்து, நான்கு பருவத்தை ஐந்து வருஷத்தில் ஓட வைக்கும் வழக்கமும் உண்டு. உடம்புக்கு ஒரு வருஷம் கடன் கொடுப்பது.

பெண்கள் அணி என்றால் இன்னொன்றையும் கோச் வெட்கப்படாமல் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகும், அதோடு எலும்பும் பலம் இழக்கும். இரும்புச்சத்து குறைந்தால் பயிற்சி எல்லாம் சரியாக இருந்தும் கால் கனக்கும். "ஒல்லியா இருந்தா வேகமா ஓடலாம்" என்று ஒரு கோச் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை பல பெண்களின் காலெலும்பை ஒடித்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, தினமும் வயிறு நிறையச் சாப்பாடு. ஷூவுக்கு அடுத்த செலவு இதுதான்.

டீ மாஸ்டர் இரண்டாவது டீயைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தொட்டுக்கொண்டார். பிஸ்கட் அணிக்கு இப்போது நான்கு பேர்.

"ஆளுங்க? நல்ல பிள்ளைங்க எல்லாம் ஹாஸ்டல், கிரவுண்டு இருக்கற காலேஜுக்குப் போயிடறாங்களே."

பிராவிடன்ஸுக்கு ஆள் வந்த வழி நமக்குப் புதிதல்ல. தெற்கத்தி ஊரிலிருந்து ஒருவர் சென்னைக்கு வந்து மளிகைக்கடை வைப்பார். அடுத்த வருஷம் அண்ணன் மகன் வருவான், அதற்கடுத்து மச்சினன். பத்து வருஷத்தில் அந்தக் கிராமத்தில் பாதி இங்கே இருக்கும். அயர்லாந்து ஓட்டக்காரர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்ததும் இப்படித்தான். முதலில் பிலடெல்பியா ஓரத்தில் இருக்கும் வில்லனோவா. அங்கே படித்த ரான் டிலேனி 1956 ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கம் வாங்கினார். பிராவிடன்ஸுக்கு வந்தவர்களில் ஒருவர் ஜான் டிரேசி. வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை. 1978, 1979 இரண்டு வருஷமும் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தன் வாழ்க்கையின் முதல் மாரத்தானை ஓடி வெள்ளி வாங்கினார்.

அவருடைய சகோதரர் ரே டிரேசியும் அதே கல்லூரிக்கு வந்து ஓடினார். ஜான் அளவுக்குப் பேர் இல்லை. ஆனால் ஜான் வெள்ளி வாங்கிய அதே 1984-இல் ரே அந்தக் கல்லூரிக்குக் கோச் ஆனார். பட்டங்கள் வந்தது ரேயின் கையால்.

இங்கே ஒரு தேதிக் கணக்கு. வில்லனோவா பெண்கள் 1989 முதல் 1994 வரை தொடர்ந்து ஆறு வருஷம் தேசியப் பட்டத்தை யாருக்கும் விடவில்லை. ஏழாவது வருஷம், 1995-இல், அதைப் பறித்தது பிராவிடன்ஸ். ரே டிரேசி வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த பட்டத்துக்கு இன்னும் பதினெட்டு வருஷம். நடுவில் கிம் ஸ்மித் தனியாக ஜெயித்த வருஷமும் வந்துபோனது. கோச் மாறவில்லை.

ஒரே கோச் ஒரே ஊரில் இருப்பதன் பலன் மெதுவாகத்தான் தெரியும். படித்து முடித்தவர்களில் சிலர் ஊரை விட்டுப் போகவில்லை. நகரம் என்பதால் வேலை உண்டு, டாக்டர் உண்டு, வெளியூர்ப் போட்டிக்குப் போக விமான நிலையம் உண்டு. கிம் ஸ்மித் அங்கேயே தங்கி ஓடினார். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் படித்த மோலி ஹடில், ரே டிரேசியிடம் பயிற்சி எடுக்கவே பிராவிடன்ஸுக்குக் குடிவந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் அவர் ஓடியது அப்போது அமெரிக்க சாதனை. 2013 பட்ட அணியில் ஓடிய எமிலி சிஸ்ஸன் 2022-இல் சிகாகோவில் 2 மணி 18 நிமிடம் 29 நொடியில் மாரத்தான் முடித்து அமெரிக்க சாதனை வைத்தார். அவருக்கும் அதே கோச்.

யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் ஒரு பெண் அந்த ஊருக்கு வருகிறாள். ஒலிம்பிக் போனவர்கள் அதே ஊரில், அதே கோச்சிடம், அதே மாதிரி ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் ஓடுகிறார்கள். மழை பெய்தாலும் வருகிறார்கள், சும்மா ஓட வேண்டிய நாளில் சும்மா ஓடுகிறார்கள். கோச் எந்தப் பாடமும் நடத்த வேண்டியதில்லை. அணியின் ஐந்தாவது ஆளாக இருக்கும் பெண்ணுக்குத்தான் இது அதிகம் உதவும். முதல் ஆளுக்கு மெடல் இருக்கிறது, பேப்பரில் படம் வருகிறது. முப்பதாவது இடத்துக்கும் நாற்பதாவது இடத்துக்கும் நடுவே கைதட்டல் இல்லாமல் ஓடுகிறவளுக்கு, இது ஒரு வேலை, இதைத் தினமும் செய்ய வேண்டும் என்று காட்ட யாராவது வேண்டும். தேசியப் போட்டியில் ஒரே நேரத்தில் ஓடுபவர்கள் 255 பேர். நடுக்கூட்டத்தில் ஒரு நொடி அசந்தால் நான்கைந்து பேர் தாண்டிவிடுவார்கள். முதல் இடத்தில் ஓடுகிறவள் ஒரு நொடி அசந்தால் அணிக்குப் பெரும்பாலும் ஒரு புள்ளிகூடப் போகாது. ஐந்தாவது ஆள் அசந்தால் நான்கைந்து போய்விடும்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தண்ணீர் டிரம் பக்கத்தில் தனியாக இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு பொண்ணு இருக்கா தம்பி. பி.காம் ரெண்டாவது வருஷம். எந்த மீட்லயும் பிளேஸ் வாங்கினதில்ல. ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. செலக்‌ஷன்ல அவ பேரை நான் எழுதல."

"எழுதுங்க."

"எழுதலாம்." பேனாவை எடுத்துப் பேப்பர் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். ஷூவுக்கோ வேனுக்கோ என்று நினைத்தேன். "பதினொரு வருஷம்னு சொன்னல்ல? நான் ரிட்டயர் ஆக ஒம்பது வருஷம்தான் இருக்கு. ரெண்டு வருஷம் இடிக்குதே."

"ஆமாண்ணே."

"அப்ப அடுத்த வாரம்லாம் தள்ளிப்போட முடியாது" என்று எழுந்தார். இரண்டு டீக்கும் பிஸ்கட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, டீ மாஸ்டரிடம் கேட்டார்: "மாஸ்டர், ஏரிக்கரை கேட்டைக் காலைல எத்தனை மணிக்குத் திறக்கறான்?"